ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறேன், டீசலா பெட்ரோலா?

கேள்வி: முதன்முறையாக லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் 6 கிலோமீட்டர். மாதத்தில் ஓரிரு வார இறுதிகளில் நண்பர்களோடு மலைப்பாதை, சேறு, சின்ன ஓடை என்று போவோம். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு நீண்ட பயணம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டரைத் தாண்டாது. நான் பார்த்த மாடல் இரண்டு எஞ்சினிலும் வருகிறது. "ஃபோர் வீல் டிரைவ் என்றால் டீசல்தான், பெட்ரோலில் புல்லிங் இருக்காது" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? இன்னொன்று, எங்கள் குழுவில் ஒருவர் தன்னுடைய பழைய, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத டீசல் வண்டியை விற்கிறார். புதியதை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: பெட்ரோல் வாங்குங்கள். நீங்கள் மலைப்பாதையையும் சேற்றையும் நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த 6 கிலோமீட்டர்தான். இன்றைய டீசல் எஞ்சின் ஒருவருக்குப் பொருந்துமா என்பது, மாதத்தில் ஓரிரு முறை ஏறும் கரடுமுரடான பாதையைப் பொறுத்ததல்ல, தினமும் ஓடும் தூரத்தைப் பொறுத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நண்பர்களின் புல்லிங் கதையைப் பார்த்துவிடலாம். அது பொய்யில்லை, கொஞ்சம் பழையது.

டீசலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, சுமார் 15 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, அப்போது எழும் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெட்ரோலில் இந்த அழுத்த விகிதம் பெரும்பாலும் 9-க்கும் 12-க்கும் இடையில்தான். அழுத்தம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கும். போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றலே பெட்ரோலைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகம். இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, காற்று வரும் வழியை த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கும். எஞ்சின் அதை எதிர்த்துக் காற்றை உறிஞ்சுவதிலேயே சக்தி வீணாகும். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு. காற்றை அப்படி அடைப்பதில்லை. அதனால்தான் பாறைகளுக்கு நடுவே மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் வண்டியின் மைலேஜ் படுத்துவிடும், டீசல் அவ்வளவாக அசராது.

அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் டர்போ கிடையாது. முழு டார்க், அதாவது சுழற்றும் விசை, கிடைக்க எஞ்சினை 4,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை முறுக்க வேண்டும். டர்போ டீசலோ 2,000-க்குக் கீழேயே இழுக்க ஆரம்பித்துவிடும். உங்கள் நண்பர்களின் மனதில் இருப்பது இந்த ஒப்பீடு. இப்போது பெட்ரோலுக்கும் டர்போ வந்துவிட்டது. மஹிந்திரா தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியரில் அதே 300 நியூட்டன் மீட்டர், கூடவே 150 குதிரைத்திறன். அதுவும் பெட்ரோலில் அந்த டார்க் 1,250 ஆர்.பி.எம்.மிலேயே முழுதாகக் கிடைக்கிறது. டீசலுக்கு 1,600 வேண்டும். இதற்கு மேல் பெட்ரோலில் புல்லிங் இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

சரி, டர்போ இல்லாத பெட்ரோல் என்றால்? அப்போதும் லோ ரேஞ்ச் இருக்கிறது. எஞ்சின் தரும் டார்க் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை, கியர் அதைப் பெருக்கித்தான் அனுப்புகிறது. லோ ரேஞ்ச் போட்டால் அந்தப் பெருக்கல் இன்னும் இரண்டு மடங்கு, சில வண்டிகளில் நான்கு மடங்கு கூடும். ஜீப் ராங்லர் ரூபிகானில் அது 4:1. சுஸுகி ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டார்க் வெறும் 130 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் வண்டி லேசு, லோ ரேஞ்ச் உண்டு. தன்னைவிடப் பெரிய டீசல் வண்டிகள் திணறும் இடத்தில் அது பாட்டுக்கு ஏறிப் போகும். பாதையில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் போதாமல் மாட்டுவதில்லை. டயர் பிடிப்பு, தரை இடைவெளி, லோ ரேஞ்ச் போட வேண்டிய இடத்தில் சோம்பேறித்தனம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

மணலில் நிலைமை தலைகீழ். மணல்மேட்டில் ஏற வேகமும் ஆர்.பி.எம்.மும் வேண்டும், மிதித்த உடனே எஞ்சின் பதில் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் பொதுவாகக் கனமும் அதிகம், அதனால் வண்டியின் மூக்கு மணலில் அழுந்தும். பாலைவன மணலில் ஓட்டுகிறவர்கள் பலர் பெட்ரோலை விரும்புவது இதனால்தான். நிஸ்ஸான் பேட்ரோலின் 2010-இல் வந்த தலைமுறை, 5.6 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சினோடு வந்தது, டீசலே கிடையாது.

இறக்கத்தில் டீசல் எஞ்சின்தான் நன்றாகப் பிடிக்கும் என்றும் சொல்வார்கள். அழுத்த விகிதம் அதிகம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அழுத்திய காற்று திரும்ப விரியும்போது அந்தச் சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோலில் மூடிய த்ராட்டிலே ஒரு பிரேக் போல வேலை செய்கிறது. பெரிய டீசல் லாரிகளுக்குத் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது ஏன் என்று யோசித்தால் புரியும். லோ ரேஞ்சில், முதல் கியரில் இறங்கினால் இரண்டுமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது அந்த 6 கிலோமீட்டருக்கு வருவோம்.

யூரோ 5 விதி 2009-இல் வந்ததிலிருந்து, அதையும் அதைப் போன்ற விதிகளையும் பின்பற்றும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். கரித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவும் வேண்டும். அதற்கு வடிகட்டியின் உள்ளே சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் இது தானாக நடந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 6 கிலோமீட்டர் நகரப் போக்குவரத்தில் டீசல் எஞ்சின் ஒழுங்காகச் சூடாகும் முன்பே நீங்கள் அலுவலகம் போய் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். கரி எரிக்கும் வேலை பாதியில் நிற்கும். மறுநாளும் அப்படியே.

இப்படி நின்று நின்று போனால் இரண்டு கேடுகள் வரும். வடிகட்டி அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் எஞ்சின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. வடிகட்டியைச் சூடாக்கப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்பதைப் பார்த்து "நல்லது, குறையவே இல்லை" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில்தான் டர்போவும் பேரிங்குகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டி.பி.எஃப். விளக்கு முதன்முறை எரிந்தவுடனே நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டிவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதை வாரந்தவறாமல் செய்வேன் என்று ஷோரூமில் நிற்கும்போது எல்லோரும்தான் நினைக்கிறார்கள்.

இதோடு ஆட்ப்ளூ. புகையைச் சுத்தமாக்க, புதிய டீசல் வண்டிகள் பலவற்றுக்கு இந்த யூரியா கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது சுத்தமாகத் தீர்ந்துபோன நிலையில் எஞ்சினை அணைத்தால், பல வண்டிகள் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. நீண்ட பயணத்தில் கூடுதல் கேன் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

செலவுக் கணக்கு சுருக்கமாக. ஒரு பேச்சுக்கு, பெட்ரோல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 14 என்று வைத்துக்கொள்வோம். 9,000 கிலோமீட்டருக்கு 900 லிட்டர் பெட்ரோல் அல்லது சுமார் 643 லிட்டர் டீசல். இரண்டையும் உங்கள் பம்ப் விலையால் பெருக்கிக் கழித்தால் வருவதுதான் ஓராண்டு மிச்சம். டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். இந்த ஓட்டத்துக்குப் பல ஆண்டுகள் என்றுதான் பெரும்பாலும் வரும். ஆட்ப்ளூவையும் டீசல் ஃபில்டர் மாற்றும் செலவையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஓடையைக் கடப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். தண்ணீருக்கு டீசல்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை, மின்சாரப் பற்றவைப்பு இல்லாத பழைய எஞ்சின்களைப் பார்த்து வந்தது. இப்போதைய டீசலிலும் கம்ப்யூட்டரும் சென்சார்களும் நிறைந்திருக்கின்றன. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் டீசலுக்குத்தான் ஆபத்து அதிகம். 500 சி.சி. சிலிண்டரில் அழுத்த விகிதம் 16 என்றால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 சி.சி. விகிதம் 10 என்றால் 56 சி.சி. தண்ணீரை அழுத்த முடியாது. அந்த இடத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எந்த எஞ்சினாக இருந்தாலும் காற்று உள்ளே போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.

பெட்ரோலுக்கும் குறைகள் உண்டு. மலைமேல் தங்கும்போது கூடுதல் எரிபொருளைக் கேனில் கொண்டுபோவீர்கள் என்றால், பெட்ரோல் ஆவி மிகக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். டீசல் 50 டிகிரியைத் தாண்டினால்தான் அந்த நிலைக்கு வரும். பெட்ரோல் கேனை மூடிய வண்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு டேங்கில் போகும் தூரமும் குறைவு. டர்போ பெட்ரோல் என்றால், கையேட்டில் எழுதியிருக்கும் ஆக்டேனுக்குக் குறைவான பெட்ரோலைப் போட்டு முழுச் சுமையோடு மேடேறினால் எஞ்சின் தட்டும், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடித்து 'டக்டக்' என்று சத்தம் வரும். கடினமான பாதையில் பெட்ரோல் முள் இறங்கும் வேகத்தைப் பார்த்து முதல் முறை கொஞ்சம் வயிறு கலங்கத்தான் செய்யும், பழகிவிடும்.

உங்கள் ஓட்டம் வேறு மாதிரி இருந்திருந்தால் டீசல் என்று சொல்லியிருப்பேன். தினம் நெடுஞ்சாலையில் 60, 70 கிலோமீட்டர், அல்லது பின்னால் கனமான டிரெய்லர், அல்லது பம்புக்கும் பம்புக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி உள்ள நிலப்பரப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் டீசல்தான். அப்போதும் சுத்தமான, கந்தகம் குறைந்த டீசல் வழியெல்லாம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இன்றைய டீசல்களில் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைத் தள்ளும் காமன் ரெயில் பம்ப் 2,000 பார் அளவிலான அழுத்தத்தில் ஓடுவது. கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசலே இன்ஜெக்டர்களைக் கெடுத்துவிடும்.

கடைசியாக நண்பரின் பழைய வண்டி. டர்போ இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசலுக்கு டி.பி.எஃப். தொல்லை இல்லை. பாதையில் நின்றுபோனாலும் ஸ்பேனரை வைத்தே சரிசெய்யலாம். ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே மேடு ஏறும் சுகம் தனி. ஆனால் உயரம் ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதம் சக்தி குறைந்து கரும்புகை தள்ளும். பழைய வண்டிகளில் ஏர்பேக், ஏ.பி.எஸ். இருப்பதும் அரிது. வீட்டில் ஏற்கனவே ஒரு கார் இருந்து, இது வார இறுதிக்கு மட்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் போக உள்ள ஒரே வண்டி இதுதான் என்றால் வேண்டாம்.

பார்க்கப் போவதானால், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். பானட்டில் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப் புகை சில நொடிகளில் மறைந்தால் பரவாயில்லை; நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் மண் தரையில் லோ ரேஞ்ச் போட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர் பல வண்டிகளில் இறுகிக் கிடக்கும். பணம் கொடுக்கும் முன், அந்த வயதுள்ள டீசல் வண்டியை உங்கள் பகுதியில் இன்னும் எத்தனை ஆண்டு ஓட்ட அனுமதிப்பார்கள் என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.