பெட்டகத்தில் இருப்பது கதையா, கணக்கா?

வாசகர்களின் கேள்விகளுக்குச் செட்டிநாட்டு நாவலாசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஐயா காலத்துப் பர்மா வட்டிக்கடைக் கணக்கேடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்து நாவல் எழுத ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அவற்றில் கதையைத் தேடாதீர்கள், முதலில் கணக்காகவே படியுங்கள். தமிழ் எண்களும் முந்திரி, காணி, மா என்னும் பின்னக் குறிகளும் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகுதான், பிள்ளையார் சுழிக்குக் கீழே சாமி பெயரிலும் ஒரு பற்று வரவு நடந்து வந்திருப்பதும், முதலாளியின் கடையை நடத்த மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறிய மேலாள் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருப்பதும் கண்ணில் படும். அந்தப் பணம் ஆத்தாள் கைக்குப் போயிற்றா, பெண்டாட்டி கைக்குப் போயிற்றா என்பதை எந்த ஏடும் சொல்லாது. நானாக இருந்தால் அந்த இடத்தில் தொடங்குவேன்.

வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதமாக இருந்து, 1937-இல் 25 சதவீதமாக உயர்ந்தது. இதை அப்படியே நாவலில் இறக்கினால் பாத்திரங்கள் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். காசாகத் திரும்ப வேண்டிய கடன்தொகை வயலாக வந்து நின்றால், விற்கவும் ஆள் இல்லாத நிலையில், லேவாதேவிக்காரருக்கு அது நெருக்கடிதான். அந்தச் செய்தியை முதலாளிக்கு எழுத உட்கார்ந்த மேலாள் எந்த வரியை அடித்துத் திருத்தினார் என்று யோசிப்பதே உங்கள் வேலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலத்தை இழந்த குடியானவர் நம் வீட்டு ஏட்டில் ஒரு பெயராகவும் ஒரு பாக்கித் தொகையாகவும் மட்டுமே இருப்பார். அவருக்கும் ஒரு வீடும் வாயும் கொடுக்காமல் எழுதப்படும் பர்மா நாவல், என் கணக்கில், பாதி நாவல்தான்.

கேள்வி: தினமும் எழுதுகிறீர்களா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வருகிறதோ இல்லையோ, காலையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முகூர்த்த மாதங்களில் மட்டும் இந்த வட்டாரத்தில் யாராலும் எழுத முடியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் காய் நறுக்கிக்கொண்டே பெண்கள் பேசுகிற பேச்சு எந்த நூலகத்திலும் கிடைக்காது.

கேள்வி: உறவினர்கள் தங்களை அடையாளம் கண்டு கோபித்துக்கொள்வதில்லையா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கோவில் கணக்கில் எழுதிவைத்திருக்கும் ஊரில் யாரை ஒளித்துவைக்க முடியும்? பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பிவைத்த அன்று ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு குறைந்ததற்காகச் சம்பந்திகள் பேச்சை முறித்துக்கொண்டது உண்மையில் நடந்தது என்றால், விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சண்டையை அந்த விளக்கை ஆளுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளும் அக்காள் தங்கைக்கு இடையே கொண்டுபோய்விடுவேன். காரணம் மாறினால் மனிதரே மாறிவிடுகிறார். அப்படியும் இரண்டொருவர் கோபித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நான் நினைத்தே பார்த்திராதவர்கள்.

கேள்வி: நாவல் முடிந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: தகவல் சேகரிப்பில் ஒரு போதை உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் நாடக நோட்டீசுகளும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம் எதையாவது நாவலில் செருகத் தோன்றும். செருகிப் பார்ப்பேன். புதிய தகவல் கதையைத் தள்ளாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால், அதை எடுத்துவிட்டு, உரையாடல்களை மட்டும் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவேன். "கொழுந்தன் முன்னால் இப்படிப் பேசுவாளா?" என்று அவர் கேட்கும் இடங்களைத் திருத்தியதும் பிரதி பதிப்பாளருக்குப் போய்விடும். மெய்ப்பு வந்த பிறகு எழுத்துப் பிழைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.