பெயரின் வால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் கம்பெனிப் பதிவேட்டைத் தரவிறக்கி, பெயர்களில் அதிகம் வரும் சொற்களைப் பைத்தான் நிரல்மொழியில் சொல்மேகமாக (அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும் படம்) வரைந்தேன். 'லிமிடெட்' பாதிப் படத்தை அடைத்துக்கொண்டது. நீக்கல் பட்டியலில் போட்டு அதை எடுத்தபின் 'மேனேஜ்மென்ட்', 'சர்வீஸ்', 'பிராபர்ட்டீஸ்' முன்னால் வந்தன. பிரிட்டிஷ்காரர்களுக்கு நிர்வாகம் என்ற சொல்மேல் ஏன் இத்தனை மோகம்? படத்துக்கு எந்த நிறங்கள் எடுப்பாக இருக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன். நிறம் ஒரு பொருட்டல்ல, ஒரே கருநீலம் போதும். ஆனால் 'மோகம்' என்று எழுதினீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு நாட்டின் மனத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது சோம்பேறித்தனம். அந்தச் சொல்லை அங்கே வைத்தது யார் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

'லிமிடெட்' யாரும் ஆசைப்பட்டுச் சூட்டியதல்ல. பெயரின் கடைசிச் சொல், அதாவது வால், அதுவாகவே இருக்க வேண்டும் என்று 1855 சட்டம் சொன்னது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்பது கடன் கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டுமே! இன்று 2006 கம்பெனிகள் சட்டம் அதையே சில விலக்குகளோடு சொல்கிறது. 'பப்ளிக் லிமிடெட் கம்பெனி'யின் சுருக்கமான 'பிஎல்சி' 1980 சட்டத்தோடு வந்தது. வேல்ஸ் கம்பெனிகள் வெல்ஷ் மொழி வாலும் வைத்துக்கொள்ளலாம்: 'சிஒய்எஃப்', 'சிசிசி' என்று முடிபவை அவைதான்.

வாலை வாலாகவே வெட்டுங்கள். நீக்கல் பட்டியலில் போட்டால் 'லிமிடெட் எடிஷன் பிரின்ட்ஸ் லிமிடெட்' போன்ற பெயரில் முன்னால் இருக்கும் 'லிமிடெட்'டும் போய்விடும். அது உரிமையாளர் தேர்ந்தெடுத்த சொல். பெயரின் வலது ஓரத்திலிருந்து பாருங்கள், நீளமான வாலை முதலில் வெட்டுங்கள்: 'பப்ளிக் லிமிடெட் கம்பெனி', 'லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்', 'கம்யூனிட்டி இன்ட்ரஸ்ட் கம்பெனி', பிறகுதான் 'லிமிடெட்', அதன் சுருக்கமான 'லிட்' (Ltd). வரிசை மாறி 'கம்பெனி'யை முதலில் வெட்டினால், அடுத்த சுற்றில் 'லிமிடெட்' போய், 'பப்ளிக்' மட்டும் மிஞ்சி உண்மையான பெயர்ச்சொல்போல எண்ணப்படும். ஓரெழுத்துகளுக்கு இடையிலுள்ள புள்ளிகளை மட்டும் நீக்குங்கள். 'யு.கே.'யும் 'யுகே'யும் ஒன்றாகும். எல்லாப் புள்ளியையும் எடுத்தால் 'ஜே.ஸ்மித்' ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் படத்தில் 'சர்வீஸ்' என்று இருக்கிறதே, அதைச் சந்தேகப்பட்டீர்களா? பதிவேட்டில் மிகுதி 'சர்வீசஸ்'தான். பைத்தானில் சொல்மேகம் வரையும் அந்த ஆயத்த நிரல் நூலகம், ஒருமை வடிவமும் பட்டியலில் இருந்தால், பன்மையின் எண்ணிக்கையைக் கேட்காமலே ஒருமையில் சேர்த்துவிடும். கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் உரித்துப் பார்ப்பதால் 'பிராபர்ட்டீஸ்' தப்பித்தது. ஓரெழுத்துச் சொற்களையும் அது தானாகவே தள்ளிவிடும். எண்ணுவதை நீங்களே செய்யுங்கள், ஒரு கம்பெனிக்கு ஒரு சொல் ஒருமுறை மட்டும். பிறகு முப்பது சொற்களுக்குப் பட்டை வரைபடம் போதும். சொல்மேகத்தில் 'கன்சல்டன்சி' தன் நீளத்தாலேயே 'ஐடி'யை அமுக்கிவிடும்.

இனி 'மேனேஜ்மென்ட்'. எட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி, கூரை, வாசல் விளக்கு எல்லாம் பொது. அவற்றைப் பராமரிக்க வீட்டுக்காரர்களே பங்குதாரர்களாக ஒரு கம்பெனி பதிவு செய்கிறார்கள். கட்டடத்தின் பெயர், பின்னால் 'மேனேஜ்மென்ட் கம்பெனி லிமிடெட்'. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி ஏராளம். 2002 சட்டம் நிர்வாக உரிமையைக் குடியிருப்போரே எடுத்துக்கொள்ள வழி செய்தபின் 'ஆர்டிஎம் கம்பெனி லிமிடெட்' (ஆர்டிஎம் என்றால் 'ரைட் டு மேனேஜ்', நிர்வாக உரிமை) என்று முடிபவையும் சேர்ந்துகொண்டன. இதில் மோகம் எங்கே இருக்கிறது? ஒழுகும் கூரைதான் இருக்கிறது. தொழில் வகைக் குறியீடு 98000 உள்ள வரிசைகளை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். குறியீட்டைக் கம்பெனிகள் தாங்களே நிரப்புவதால் எல்லாமே அதில் சிக்காது. 'செயல்படாத கம்பெனி' என்ற 99999இல் ஒளிந்திருப்பவற்றை 'மேனேஜ்மென்ட் கம்பெனி' என்ற இரட்டைச் சொல்லை வைத்துப் பிடிக்கலாம்.

ஆசையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பெயரின் தலையைப் பாருங்கள். வாலை வெட்டியபின் ஒவ்வொரு பெயரிலும் முதல் சொல்லைத் தனியாக, கடைசிச் சொல்லைத் தனியாக எண்ணி, இரண்டு படங்களை அடுத்தடுத்து வையுங்கள். கடைசியில் 'சர்வீசஸ்', 'ஹோல்டிங்ஸ்', 'சொல்யூஷன்ஸ்' என்று தொழில் வகைகள் கூடியிருக்கும். தலையில்தான் ஆட்களின் பெயர், ஊர், முதலெழுத்துகள், நிறங்கள். இரண்டையும் ஒரே மேகத்தில் கொட்டினால், ஒருவர் யோசித்து வைத்த சொல் வழக்கத்துக்காக ஒட்டிய சொல்லின் அடியில் நசுங்கிவிடும். உங்கள் படத்தில் நடந்தது இதுதான்.

கோப்பை எக்செல்லில் திறக்காதீர்கள். 10,48,576 வரிசையோடு நின்றுவிடும், கம்பெனி எண்ணின் முன்னிருக்கும் சுழியங்களும் உதிரும். எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படியுங்கள். காற்புள்ளி கண்ட இடத்தில் நீங்களே பிளக்கவும் வேண்டாம், பெயருக்குள்ளேயே காற்புள்ளியும் மேற்கோள்குறியும் வரும். 2016இல் ஒருவர் தரவுத்தள அட்டவணையை அழிக்கும் கட்டளையையே கம்பெனிப் பெயராகப் பதிவு செய்தார், அதில் அரைப்புள்ளியும் மேற்கோளும் உண்டு.

பத்தாண்டுவாரியாகப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. மாதந்தோறும் வரும் அந்தக் கோப்பில் பதிவேட்டில் இருப்பவை மட்டுமே உண்டு, கலைக்கப்பட்டவை இல்லை. பெயரும் இன்றைய பெயர். 1960இல் பதிவானதன் பெயர் 2001இல் சூட்டியதாக இருக்கலாம். பழைய பெயர்களுக்குப் பத்து ஜோடி நெடுவரிசைகள் இருக்கின்றன, மாற்றிய தேதியும் பெயரும். மிகப் பழைய தேதிக்கு எதிரே உள்ள பெயரை எடுங்கள், அந்த ஜோடிகள் காலியாக இருந்தால் இன்றைய பெயரையே.

அன்புடன்.