தவறான ஆப்ஷன்களைப் படித்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதமாக, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறேன். தினமும் பத்து பாசேஜ், அதாவது கேள்விகளோடு வரும் வாசிப்புப் பத்தி, போடுகிறேன். ஆனாலும் ஆங்கிலப் பகுதியான வெர்பலில் 152ஐத் தாண்ட முடியவில்லை, உச்சம் 170. எப்போதும் இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். முதலில் படிக்க வேண்டியது கேள்வியையா, பாசேஜையா? வேகவாசிப்புப் பயிற்சியில் சேரலாமா? நாவல்கள் படித்தால் உதவுமா? ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதுதான் காரணமோ என்று மனம் சோர்ந்துபோகிறது.

நிவேதா

அன்புள்ள நிவேதா,

நான்கு மாதம் ஒழுங்காக உட்கார்ந்து படித்தும் எண் அசையவில்லை என்றால் சோர்வு வரத்தான் செய்யும். ஆனால் தாய்மொழிக் கவலையை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். ஐந்து ஆப்ஷன்களில் மூன்றைச் சரியாகத் தள்ள முடிகிறது என்றால் பாசேஜ் உங்களுக்குப் புரிகிறது. மீதி இரண்டில்தான் தடுக்கி விழுகிறீர்கள். தடுக்குவது ஆங்கிலத்தால் அல்ல. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

கேள்வியா பாசேஜா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் ஒரு கேள்விக்கு விடை கொடுக்காமல் அடுத்ததைப் பார்க்கவே முடியாது. ஜிஆர்இயிலும் திரையில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் தெரியும். முதல் கேள்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாசேஜுக்குப் போங்கள், அவ்வளவுதான். நாவல் படியுங்கள், நல்லது. ஆனால் தேர்வுக்காக என்று படித்து அதன் சுவையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேகவாசிப்பு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 450 சொல் கொண்ட நீண்ட பாசேஜை நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் இரண்டேகால் நிமிடம். 300 சொல் வேகத்தில் படித்தால் ஒன்றரை நிமிடம். மிச்சம் 45 வினாடி. இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே ஊசலாடி ஒரே கேள்வியில் நீங்கள் இழப்பது அதைவிட அதிகம் இருக்கும். ஜிஆர்இ வெர்பலில் முதல் பகுதி 12 கேள்வி, 18 நிமிடம். இரண்டாவது 15 கேள்வி, 23 நிமிடம். கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம். அதிலும் சொல் நிரப்பும் கேள்விகளைச் சீக்கிரம் முடித்து, அந்த நேரத்தைப் பாசேஜுக்குத் தரலாம்.

இனி திட்டு. தினமும் பத்து பாசேஜ் என்று எழுதியிருக்கிறீர்களே, முடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி உண்டா? விடைப் பட்டியலைப் பார்ப்பீர்கள், "ஓ, சி-யா" என்பீர்கள், அடுத்ததுக்குப் போவீர்கள். காய்ச்சலைப் பத்துமுறை அளந்தால் இறங்கிவிடுமா? பயிற்சி தொடங்குவதே விடை போட்ட பிறகுதான். சரியான விடை ஏன் சரி என்பதைவிட, மற்ற நான்கும் எந்தச் சொல்லில் உடைகின்றன என்பதில்தான் கற்க வேண்டியது இருக்கிறது.

மாதிரிக்கு ஒரு சிறு பத்தியும் கேள்வியும் நானே எழுதித் தருகிறேன்.

"தேனீயின் நடனம் உணவு இருக்கும் திசையைப் பிற தேனீக்களுக்குச் சொல்கிறது என்பது நிலைபெற்ற கருத்து. ஆனால் நடனத்தைப் பார்த்த தேனீக்களில் பல, அது காட்டிய இடத்துக்குப் போகாமல் தாம் முன்பே அறிந்த இடத்துக்குத் திரும்புவது கவனிக்கப்பட்டுள்ளது. இதனால் நடனம் வீண் என்றாகிவிடாது. பழைய இடத்தில் உணவு தீர்ந்துபோகும்போது அதன் பயன் தெரியவருகிறது."

பத்தியின் முதன்மை நோக்கம் என்ன?

அ. தேனீ நடனம் திசையைச் சொல்வதில்லை என்று நிறுவுவது
ஆ. பல தேனீக்கள் அறிந்த இடத்துக்கே திரும்புவதை விவரிப்பது
இ. நிலைபெற்ற ஒரு கருத்துக்கு வரம்பு கட்டுவது
ஈ. நினைவைவிட நடனமே நம்பகமானது என்று வாதிடுவது
உ. உணவு தீர்ந்தால் எல்லாத் தேனீக்களும் நடனத்தைப் பின்பற்றும் என்று காட்டுவது

விடை இ. ஆனால் உங்களைப் போன்றவர்கள் ஆ-வில் விழுவார்கள். ஏனென்றால் அது உண்மை. பத்தியிலேயே இருக்கிறது, சொற்கள்கூட அப்படியே. அந்தப் பழகிய சொற்களைக் கண்டதும் கை அங்கே போகிறது. ஆனால் அது ஒரு வாக்கியத்தின் செய்தி, பத்தியின் நோக்கம் அல்ல. சரியான இ-யிலோ தேனீயும் இல்லை, நடனமும் இல்லை. தேர்வை அமைப்பவர்கள் திட்டமிட்டுத்தான் சரியான விடைக்கு வேறு சொற்களைப் போர்த்துகிறார்கள், தவறானதில் பாசேஜின் சொற்களைத் தூவுகிறார்கள். அ, "ஆனால்" என்ற சொல்லோடு வாசிப்பை நிறுத்தியவருக்கான பொறி. பத்தி இன்னொரு முறை திரும்புகிறது, அதை அவர் பார்க்கவில்லை. ஈ, இல்லாத ஒப்பீட்டைக் கொண்டுவருகிறது. உ-வில் மற்றதெல்லாம் நம்பும்படி இருக்கிறது, "எல்லா" என்ற ஒரே சொல் அதைக் கொல்கிறது.

உண்மை ஆனால் பகுதி, எதிர்த்திசை, இல்லாத ஒப்பீடு, மிகைச்சொல். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, ஆசிரியர் மறுக்கும் பழைய கருத்தை அவர் தலையிலேயே கட்டுவது. பொறிகள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும். உங்களை வீழ்த்துவது அநேகமாக ஒன்றோ இரண்டோதான். எது என்று, தவறுகளைக் குறித்துவைக்கும் ஒரு நோட்டில்தான் தெரியும்.

அந்த நோட்டை இப்படி எழுதுங்கள். பாசேஜை டைமர் வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதியா, ஐயமா என்று குறியுங்கள். விடைப் பட்டியலைத் திறக்காமல், டைமரையும் அணைத்துவிட்டு, அதே கேள்விகளை மறுபடி செய்யுங்கள். இம்முறை சரி என்று நினைப்பதற்கு ஆதாரமான வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். மற்ற ஒவ்வொன்றுக்கும் அது உடையும் சொல்லை ஒரு வரியில் எழுதுங்கள். "பொருத்தமாக இல்லை" என்று எழுதினால் அது வரி அல்ல, அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பிறகே பட்டியலைப் பாருங்கள். முதலில் தவறு, இரண்டாவதில் சரி என்றால் சிக்கல் அவசரம். இரண்டிலும் தவறு என்றால் வாசிப்பிலேயே சிக்கல், வாக்கியத்தை உடைத்துப் பார்க்க வேண்டும். முதலில் சரி, இரண்டாவதில் தவறு என்றால் முதல்முறை அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கலாம். "உறுதி" என்று குறித்துத் தவறானவைதான் நோட்டின் தங்கம்.

இப்படிச் செய்தால் ஒரு நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பாசேஜ்தான் முடியும். போதும். ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் வெளியிடும் கேள்விகளும் அதன் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளும் எண்ணிக்கையில் குறைவு, தினம் பத்தாக எரித்துத் தீர்க்காதீர்கள். வேறு நிறுவனங்களின் பாசேஜ்களில் ஆப்ஷன்கள் பல நேரம் தளர்வாக இருக்கும், உடையும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதற்கு எல்சாட் என்ற தேர்வின் பாசேஜ்கள் மேல். சட்டப் படிப்புக்கானவை, கடினமானவை, ஆனால் ஆப்ஷன்கள் இறுக்கமானவை. டைமர் இல்லாத பயிற்சிக்கு ஏற்றவை.

ஜிஆர்இயில் மூன்று ஆப்ஷன் தந்து, பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் உங்களுக்கு எவ்வளவு தவறுகிறது என்று எழுதவில்லை. நிறையத் தவறும் என்றே ஊகிக்கிறேன். ஒன்று சரியாக இருக்கலாம், மூன்றுமே சரியாக இருக்கலாம், பாதி மதிப்பெண் கிடையாது. இரண்டை ஒப்பிட்டு "இது பரவாயில்லை" என்று முடிவெடுக்கும் உங்கள் பழக்கம் அங்கே ஓடாது. ஒவ்வொன்றையும் தனியே பாசேஜிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஐந்து ஆப்ஷன் கேள்வியையும் அப்படியே செய்யுங்கள், கடைசி இரண்டின் ஊசலாட்டம் குறையும்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் முழுப் பகுதிகளை நேரம் வைத்துச் செய்யுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். அடுத்த கடிதத்தில் ஸ்கோரை எழுத வேண்டாம். "உறுதி" என்று குறித்துத் தவறிய ஒரு கேள்வியையும், நான்கு ஆப்ஷன்களுக்கு நீங்கள் எழுதிய நான்கு வரிகளையும் அனுப்புங்கள்.