ஒரே குழாய்க்கு 178-ஆ, 324-ஆ? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ரிஃபைனரி பைப்பிங்கில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது எரிவாயு பைப்லைன் டிசைனுக்கு மாறியிருக்கிறேன். அங்கே பி31.3 கோடின் (ரிஃபைனரிக் குழாய்களுக்கான டிசைன் விதிகள்) அட்டவணையைத் திறந்தால் அனுமதிக்கப்பட்ட தகைவு (குழாய்ச் சுவர் தாங்கலாம் என்று விடும் விசை அளவு) நேராகக் கிடைத்துவிடும். எக்ஸ்65 என்ற எஃகு கிரேடுக் குழாய்க்குச் சுமார் 178 மெகாபாஸ்கல். இங்கே சீனியர் 324 போடுகிறார், மில் டாலரன்ஸ் (ஆலையில் சுவர் மெல்லிசாகிப்போக விடும் அளவு) 12.5 சதவீதத்தையும் கழிக்கவில்லை. ஷீட்டில் கையெழுத்துப் போட பயமாக இருக்கிறது. – வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் சீனியர் போட்டது சரிதான். பி31.3 இழுவிசை வலிமையில் (அறுந்துபோகும் தகைவு) மூன்றில் ஒரு பங்கு, யீல்டில் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) மூன்றில் இரண்டு பங்கு, இரண்டில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்65-க்கு 535-ஐ மூன்றால் வகுத்தால் உங்களுடைய 178 வந்துவிடும். எரிவாயு டிரான்ஸ்மிஷன் லைனுக்கான பி31.8-இல் அப்படியொரு அட்டவணையைத் தேடாதீர்கள். குறைந்தபட்ச யீல்டை (எக்ஸ்65-க்கு 450) எடுத்து எஃப், ஈ, டி என்று மூன்று எண்களால் பெருக்க வேண்டியதுதான். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் எஃப் 0.72, மற்ற இரண்டும் இங்கே 1, அதனால் 324. மில் டாலரன்ஸை எஃப்-ஐ நிர்ணயிக்கும்போதே கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று கோடே சொல்கிறது, நீங்கள் மறுபடி கழிக்க வேண்டாம்.

டி என்பது வெப்பநிலைக்கு. 121 டிகிரி செல்சியஸ் வரை அது 1 தான், மண்ணுக்குள் போகும் லைனில் பெரும்பாலும் அதைத் தொடவே வேண்டியிருக்காது.

எஃப் தான் முக்கியம், ஏனென்றால் அது இரும்பைப் பற்றிய எண் இல்லை, பக்கத்தில் குடியிருக்கும் மனிதர்களைப் பற்றிய எண். லைனுக்கு இரண்டு பக்கமும் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர் என்று ஒரு பட்டையை எடுத்து அதற்குள் குடியிருப்புகளை எண்ணுவார்கள்: 10 வரை முதல் வகுப்பு, அதற்கு மேல் 46-க்குள் இரண்டாவது, 46-ஐத் தொட்டால் மூன்றாவது, அடுக்குமாடிகள் நிறைந்த இடம் நான்காவது. எஃப் அதற்கேற்ப 0.72, 0.60, 0.50, 0.40 என்று இறங்கும் (முதல் வகுப்பிலேயே 0.80-க்கும் ஒரு பிரிவு உண்டு, அதற்கு அழுத்த டெஸ்ட் நிபந்தனை கடுமை). 610 மி.மீ. விட்டம், 92 பார் அழுத்தம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தகைவின் இரண்டு மடங்கால் வகுத்தால் தடிமன்: முதல் வகுப்பில் 8.7 மி.மீ., மூன்றாவதில் 12.5, நான்காவதில் 15.6. அதே குழாய், அதே எரிவாயு, தெருவில் ஆள் கூடக் கூடச் சுவர் தடிமனாகிறது.

அப்புறம் ஈ. இது நீளவாக்குத் தையலுக்கான (குழாயாக வளைத்த தகட்டின் ஓரங்களைப் பற்றவைத்த கோடு) எண். தையலில்லாக் குழாய்க்கும் இன்றைய ஈ.ஆர்.டபிள்யூ. (மின்தடை வெல்டிங்), சா (பொடிக்கடியில் செய்யும் ஆர்க் வெல்டிங்) குழாய்களுக்கும் 1 என்பதால் எல்லோரும் யோசிக்காமல் 1 போட்டுவிட்டு நகர்கிறோம். 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் வெடித்த லைனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். 30 அங்குல விட்டம், 0.375 அங்குலச் சுவர், எக்ஸ்42, தையலில்லாதது என்றுதான் ஆவணத்தில் இருந்தது. மூன்றாம் வகுப்பு இடம், 0.50 போட்டால் 525 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வரை தாங்க வேண்டும். வெடித்தபோது இருந்தது சுமார் 386, யீல்டில் 37 சதவீதம்கூட இல்லை. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. விசாரணையில் பார்த்தால் 1956-இல் பதித்த அந்த இடத்தில் குட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்திருக்கிறார்கள், அவற்றில் சிலவற்றின் நீளவாக்குத் தையலுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் வெல்டிங், உள்பக்கம் ஒன்றுமே இல்லை. வகுத்தல் பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை, அந்தக் குழாய் வேறு குழாய்!

அதனால் 324-க்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் அதற்கு முன் ஒருநாள் பைப் யார்டுக்குப் போய், குழாயின் முனையில் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் அடித்திருக்கும் கிரேடையும் ஹீட் நம்பரையும் (எந்த உருக்கிலிருந்து வந்த எஃகு என்ற எண்) ஆலை தந்த மில் சர்ட்டிபிகேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய லைன் என்றால் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேளுங்கள், இல்லை என்றால் எக்ஸ்65 என்று எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஓரமாக எரிவாயு லைன் போகிறது. பதித்தபோது சுற்றிலும் வயல், இப்போது சைட் போட்டு வீடுகள் வரிசையாக வந்துவிட்டன. பழைய குழாய் தாங்குமா? – வாசகர், தர்மபுரி

பதில்: மேலே சொன்ன எண்ணிக்கை உங்கள் ஊரில் மாறியிருக்கலாம். வகுப்பு ஏறினால் முன்பு செய்த அழுத்த டெஸ்ட் அந்த வகுப்புக்குப் போதுமா என்று பார்ப்பார்கள், போதாது என்றால் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும், அல்லது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அந்தத் துண்டைத் தடிமனான குழாயாக மாற்ற வேண்டும். சில லைன்களை வீடுகள் பெருகும் என்று எதிர்பார்த்து முதலிலேயே தடிமனாகப் போட்டிருப்பார்கள், அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. லைன் ஓரத்து மார்க்கர் கல்லில் போன் நம்பர் இருக்கும், கூப்பிட்டு எத்தனை வீடுகள் வந்திருக்கின்றன என்று சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். லைன் மேல் போர் போடவோ ஜே.சி.பி. இறக்கவோ யாரையும் விடாதீர்கள்.