வீட்டுத் தொலைபேசிக்கு வரும் தொல்லை அழைப்புகளை எப்படித் தடுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஓயாமல் அந்நிய அழைப்புகள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எண் பெரும்பாலும் நம் கையாலேயே வெளியே போகிறது: பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு, தவணைக்கு அலமாரி வாங்கும்போது நிரப்பும் பாரம். கட்டாயமில்லாத இடத்தில் அந்தக் கட்டத்தை அம்மா வெறுமையாகவே விடட்டும்.

விளம்பர அழைப்பென்றால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுத்துமாறு அந்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்கலாம்.

எனக்குப் பெரிய கவலை, போலீஸ், நீதிமன்றம் என்று மிரட்டுகிறவர்கள்தான். திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும், நம்பாதீர்கள். பேச்சின் நடுவில் வைத்துவிடுவது மரியாதைக் குறைவென்று பெரியவர்கள் தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள்.