கறுப்புத் திரையில் கரையும் நீலம்: டெர்மினல் நிறங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரை) கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் ஃபோல்டர் பெயர்கள் கறுப்பில் கரைந்துவிடுகின்றன. எந்த தீமுக்கு (நிறத் தொகுப்புக்கு) மாறலாம், சார்?

தீமை விடுங்க. பெரும்பாலும் ஒரு நிறத்தை மாற்றினாலே போதும். டெர்மினலின் அடிப்படை நிறங்கள் 16, எண் 0 முதல் 15 வரை. ஃபோல்டருக்கு வருவது 4, அதாவது நீலம். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலில் அதன் மதிப்பு 0, 0, 238 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்). ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பு 21%, நீலம் வெறும் 7%. அதனால் நீலத்தை 255 வரை ஏற்றினாலும் கறுப்பின் மேல் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 2.4-தான். வாசிக்கிற எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது குறைந்தது 4.5.

க்னோம் டெர்மினலில் ப்ரொஃபைலைத் திறந்து, கலர்ஸ் பக்கத்தில் பேலட் என்ற நிற அட்டவணையைப் பாருங்க. மேல் வரிசையில் ஐந்தாவது கட்டம்தான் எண் 4. அங்கே 110, 160, 255 போடுங்க. பின்னணியை 30, 30, 30 என்று வைத்தால் கான்ட்ராஸ்ட் 6-ஐத் தாண்டிவிடும். கீழ் வரிசையில் அதே இடத்தில் இருக்கும் 12-ஐயும் பாருங்க. தடித்த எழுத்தை வெளிர் நிறத்தில் காட்டும் தேர்வு போட்டிருந்தால் ஃபோல்டர் பெயர் 12-லிருந்துதான் வரும். 4-ஐ மாற்றிவிட்டு ‘ஒன்றும் நடக்கலையே’ என்று கேட்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுவார்கள்.

கேள்வி: பத்துப் பதினைந்து சர்வருக்கு எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து இணைந்து) போகிறேன். ஒவ்வொன்றிலும் மாற்றணுமா?

வேண்டாம். சர்வர் அனுப்புவது ‘4’ என்ற எண்ணை மட்டும். அதற்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது உங்கள் மெஷின். ஒருமுறை பேலட்டை மாற்றினால் எல்லா சர்வருக்கும் சேரும். 16 முதல் 255 வரையிலான எண்களைப் பயன்படுத்தும் நிரல்கள் மட்டும் பொதுவாக இதற்குக் கட்டுப்படாது.

கேள்வி: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருக்கிறேன். சி டிரைவில் எல்லா ஃபோல்டரும் பச்சைப் பட்டைமேல் நீல எழுத்தாக வருகிறது. கண் வலிக்குது.

அது 34;42 என்ற ஜோடி: 34 நீல எழுத்து, 42 பச்சைப் பின்னணி. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதியுள்ள ஃபோல்டருக்கு எல்எஸ் கொடுக்கும் எச்சரிக்கை நிறம். விண்டோஸ் டிரைவ் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) அனுமதியோடு மவுன்ட் ஆவதால் எல்லாமே அப்படித் தெரிகிறது. நிறத்தை மட்டும் மாற்ற, எல்எஸ் நிறங்களைத் தரும் டிர்கலர்ஸ் கட்டளையின் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து, ‘அதர் ரைட்டபிள்’ வரியில் 34;42-ஐ 30;42 ஆக்குங்க. பச்சைமேல் கறுப்பு நன்றாகவே படிக்கலாம். மூலத்தையே சரிசெய்ய, டபிள்யூஎஸ்எல் கான்ஃப் கோப்பின் ஆட்டோமவுன்ட் பகுதியில் மெட்டாடேட்டாவும் (லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க) யூமாஸ்க் 22-ம் (மற்றவர்களின் எழுதும் அனுமதியை நீக்க) சேர்த்து, டபிள்யூஎஸ்எல்லை முழுசாக நிறுத்தித் தொடங்குங்க. இரண்டாவதுதான் முறையான வழி.

கேள்வி: சோலரைஸ்டு டார்க் போட்டேன். சில வரிகள் காணவே காணோம்!

2011-இல் வந்த தீம் அது. பின்னணி 0, 43, 54. அதன் 8-ஆம் நிறமும் அதே 0, 43, 54. ‘வெளிர் கறுப்பு’ கேட்கிற நிரல் எழுதியது பின்னணியோடு பின்னணியாகிவிடும். இசட்ஷெல் என்ற கட்டளை நிரலில் வரும் தானியங்கிப் பரிந்துரைகள் மறைவது இதனால்தான். 8-ஐ 88, 110, 117 ஆக்கினால் தெரியும். அந்தத் தீமில் வெளிர் பச்சை, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் எல்லாமே சாம்பல் வகைகள் என்பதையும் மனதில் வையுங்க. சாதாரண எழுத்தின் கான்ட்ராஸ்ட்டும் 4.7 அளவில்தான். மங்கலான லேப்டாப் திரைக்கு அது போதாது. க்ரூவ்பாக்ஸ் என்ற தீம் 10-க்கு மேல் தரும்.

கேள்வி: எனக்கு அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவுக் குறை). கறுப்பில் வெள்ளை எழுத்து சிதறித் தெரியுது.

இருட்டுத் திரையில் கண்பாவை விரியும், லென்ஸின் குறை கூடுதலாகத் தெரியும். வெளிர் பின்னணிக்கு வாங்க: 250, 250, 245, எழுத்து 50, 50, 50. ஆனால் இங்கே எதிரி மஞ்சள். வழக்கமான 205, 205, 0-க்கு வெள்ளைமேல் கான்ட்ராஸ்ட் 1.7-தான். அதை 140, 100, 0 ஆக்குங்க, 5-ஐத் தாண்டும். கறுப்புதான் வேண்டும் என்றால் முழு வெள்ளையை விட்டு 212, 212, 212.

கேள்வி: டீமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் நிரல்) விம் எடிட்டரைத் திறந்தால் கமென்ட் (நிரலில் எழுதும் குறிப்பு) மட்டும் கருநீலம். வெளியே சரியாக இருக்கிறது.

பின்னணி வெளிர் என்று விம் தவறாக ஊகிக்கிறது. விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் ‘செட் பேக்ரவுண்ட்=டார்க்’, சின்டாக்ஸ் வரிக்கு முன்னால்.

கேள்வி: பின்னணியில் படம், இல்லாவிட்டால் கொஞ்சம் ட்ரான்ஸ்பரன்ஸி?

ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அழகு. வேலைக்கு ஆகாது. பின்னால் வெள்ளை பிரவுசர் வந்ததும் நாம் கணக்குப் பார்த்து வைத்த கான்ட்ராஸ்ட் எல்லாம் போச்சு. விடமுடியாவிட்டால் ஒபாசிட்டி 95%-க்குக் கீழே வேண்டாம்.

கேள்வி: ப்ரொடக்ஷன் (நேரடிப் பயன்பாட்டில் உள்ள) சர்வருக்கு சிவப்புப் பின்னணி வைக்கலாமா அண்ணா? தப்பான விண்டோவில் கட்டளை போடாமல் இருக்கத்தான்.

நோக்கம் நல்லது, இடம்தான் தப்பு. எரர் செய்திகளும் சிவப்பு. மிக முக்கியமான வரிதான் முதலில் மங்கும். பின்னணியை அப்படியே விட்டு, டேப்பின் நிறத்தையோ ப்ராம்ப்ட்டில் (கட்டளைக்கு முன்னால் தெரியும் குறிப்பு) வரும் ஹோஸ்ட்பெயரையோ சிவப்புப் பட்டைமேல் வெள்ளையாக்குங்க. குறியீடு 97;41. சர்வரில் பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் போட்டால் அந்தக் கணக்கில் யார் உள்ளே வந்தாலும் தெரியும். நிறக் குறியீட்டின் இருபுறமும் பாஷ் கேட்கும் சதுர அடைப்புக் குறிகளை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோட்டோடு, மறக்காமல் சேருங்க. விட்டால் வரியின் நீளத்தை பாஷ் தப்பாக எண்ணும், நீண்ட கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் ப்ராம்ப்ட்மேலேயே ஏறி எழுதும்.