மகளின் மயில்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் வன்னியில் ஒரு அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முதல், மன அழுத்தத்தைக் குறைக்க என்று எங்களுக்கு அரைநாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். கதிரையில் நிமிர்ந்திருந்து, கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. எழும்பி வெளியே போய்விட்டேன். காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல், போர் முடிந்தபோது, எனக்குப் பதினாறு வயது.

இப்போது நான் செய்வது வேறொன்று. இரவில் மகள் படுத்த பிறகு அவளுடைய நிறந்தீட்டும் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கிறேன். மனம் லேசாகிறது. இவர் "முன்பள்ளியில சேர்த்து விடட்டோ?" என்று பகிடி பண்ணுகிறார். மகளுக்குக் கோபம், தன்ர மயிலை அம்மா முடித்துப்போட்டா என்று. யூடியூபில் இதை மைண்ட்ஃபுல்னஸ் (மன விழிப்பு) என்கிறார்கள், வட்டத்துக்குள் கோலம்போல் கீறிய மண்டலாப் புத்தகம்தான் நல்லது என்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒன்று எடுப்பிக்கட்டுமா? இது உண்மையிலேயே ஒரு பயிற்சியா, இல்லை நான் என் பிரச்சினைகளிடமிருந்து ஒளிந்துகொள்கிறேனா?

த.

வணக்கம் தங்கச்சி,

முதலில் அந்தப் பயிற்சி. நீங்கள் எழும்பிப் போனதில் ஒரு பிழையும் இல்லை. பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அமைதிக்குப் பதிலாகப் பழைய சத்தங்கள் வரலாம். இது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அப்படிப்பட்டவர்களிடம் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், நிலத்தில் ஏதாவது ஒரு இடத்தைப் பாருங்கள் என்று சொல்வார்கள். வன்னியில் வந்து பயிற்சி நடத்துகிறவர், முன்னால் இருப்பவர்களில் எத்தனை பேர் பங்கருக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தவர்கள் என்று ஒருமுறை யோசித்திருக்கலாம்.

நிறம் தீட்டும்போது கண் திறந்திருக்கிறது. உங்களுக்கு அது பொருந்திப்போனதற்கு முதல் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

2009 கடைசியில் நான் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தேன். ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளை ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இருத்தி, ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் கிறெயோனும் கொடுத்து, "விரும்பினதை வரையுங்கோ" என்றார்கள். என்ன வரைந்திருப்பார்கள்? கிபிர் போர் விமானம், சாமான் ஏற்றிய உழவு இயந்திரம், படுத்துக் கிடக்கும் ஆட்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் வானம் முழுவதையும் கறுப்பால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான், தாள் கிழியும் வரைக்கும். அடுத்த கிழமை என்ன காரணமோ, உருவங்களைக் கோட்டால் கீறிய தாள் கொண்டுவந்தார்கள். ஒரு யானை, பக்கத்தில் ஒரு மாமரம். அதே பெடியன் யானைக்குப் பச்சை தீட்டினான். நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தும்பிக்கையில் தொடங்கி வால்வரை மெல்ல மெல்ல. நானும் வெட்கத்தை விட்டு ஒரு தாள் கேட்டு வாங்கினேன்.

வெறுந்தாளில் வரைவது கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதற்கும் பெரிய பயன் உண்டு. ஆனால் அது வேலை. ஓய்வு அல்ல.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2005இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் 84 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். பயந்த ஒரு சம்பவத்தை முதலில் எழுத வைத்து, பதற்றத்தைக் கூட்டிவிட்டு, பிறகு இருபது நிமிடம் நிறம் தீட்டக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மண்டலா, இன்னொரு பகுதியினருக்குச் சாரம், சட்டைத் துணிகளில் இருப்பதுபோன்ற கட்டம் போட்ட தாள், மிச்சப் பேருக்கு வெறுந்தாள். மண்டலாக்காரருக்கும் கட்டக்காரருக்கும் பதற்றம் நன்றாக இறங்கியது. வெறுந்தாள்காரருக்கு அப்படி இறங்கவில்லை. எனக்கு அந்தப் பெடியனின் கறுப்பு வானம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டவும் கூடாது. அவர்கள் பார்த்தது அந்த இருபது நிமிடத்தை, அதுவும் மாணவர்களிடம். அடுத்த நாள் அலுவலகத்தில் மேலதிகாரி கோப்பைத் தூக்கி மேசையில் எறியும்போது என்ன ஆகும் என்று அவர்கள் பார்க்கவில்லை. 2012இல் வேறு இருவர் திரும்பச் செய்து பார்த்ததில், கட்டத்தைவிட மண்டலாவே மேல் என்று வந்தது. ஆக, இன்னும் முடிந்த வழக்கு இல்லை.

அப்படியானால் மைண்ட்ஃபுல்னஸ் எங்கே இருக்கிறது? மனம் ஓடும். ஓடியதைக் கண்டு, சண்டை பிடிக்காமல் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மூச்சைக் கவனிக்கிறவர் தன் மனம் வங்கிக் கடனில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஆகலாம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மனம் போனால் பென்சில் கோட்டைத் தாண்டிவிடும். நீலம் மயிலின் கழுத்தை விட்டு வெளியே வழிந்திருப்பதைப் பார்த்ததும் நீங்களே திரும்பி வந்துவிடுவீர்கள்.

மண்டலாப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காப்பு ஒன்றைத் தாளில் வைத்துக் கோடு இழுங்கள். அதற்குள்ளே சோடாப் போத்தல் மூடியை வைத்துச் சின்ன வட்டங்களை ஒன்றோடொன்று வெட்டும்படி போடுங்கள். பத்துத் தாள் போட்டோக் கொப்பி எடுத்தால் ஒரு மாதத்துக்குக் காணும். சுவிஸ் உளவியலாளர் யுங் 1918, 19இல் ஒவ்வொரு நாள் காலையும் ஒரு சின்ன வட்டச் சித்திரம் கீறியதும் சாதாரணக் கொப்பியில்தான். அப்போது அவர் போரில் அகப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு முகாமுக்குப் பொறுப்பாளர். (பொறுப்பாளர்தான், உள்ளே இருந்தவர் இல்லை. அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்.)

இன்னும் கொஞ்சம். கையின் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வெக்கைக்கு வியர்வை பட்டு நிறம் இழுபடும். கைபேசியை வேறு அறையில் விடுங்கள். முடித்ததைப் படம் எடுத்துப் போட வேண்டாம், போட்டால் அடுத்த தாளை ஆட்களுக்காகத் தீட்டத் தொடங்கிவிடுவீர்கள். பாதியில் நித்திரை வந்தால் பாதியிலேயே விட்டுவிட்டுப் படுங்கள்.

இதெல்லாம் எங்கள் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். என் அம்மம்மா சாயம் போட்ட பன் புல்லில் பாய் இழைத்தவ. சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணியபடி பின்னேரம் முழுக்க இருப்பா. அமைதியாகத்தான் இருந்தா. ஆனால் முதுகு நோகுது என்று இரவிரவாக அனுங்கினதும் அவதான். பாய் விற்றால்தான் அடுத்த நாள் அரிசி.

ஒளிந்துகொள்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அரை மணித்தியாலம் நிழலில் நின்றதற்காக வெயிலுக்குப் பயந்தவர் என்று யாரையும் சொல்ல மாட்டோம். நிழலை விட்டு வரவே முடியவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். நித்திரை இல்லாமல் நாட்கள் போனால், அந்தப் படபடப்பு வேலை நேரத்திலும் வந்தால், நிறப் பென்சில் போதாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போக ஏலாத இரவில் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

உங்கள் கணவர் அடுத்த முறை பகிடி பண்ணினால் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளையும் பச்சைப் பென்சிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மயில் விஷயத்தில் மட்டும் நான் மகளின் பக்கம். அவளுக்கு வேறொரு கொப்பி வாங்கிக் கொடுங்கள், அதைத் தொடாதீர்கள்.